நாணயமாற்று வீதமும் தோட்டத்து நாட்கூலியும்

கொழுந்துக்கு விலை எங்கே தீர்மானிக்கப்படுகின்றது என்று காவத்தையிலோ இறக்குவானையிலோ எவரைக் கேட்டாலும், கொழும்பு ஏலத்தில் என்ற விடையே கிடைக்கும். விடை தவறன்று. 1883ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆந் திகதி தொடங்கிய அந்த ஏலம், 2020ஆம் ஆண்டிலிருந்து கணினி வழியாக நடைபெறினும், ரூபாய்க் கணக்கிலேயே நடைபெற்று வருகின்றது. ஆயினும் ஏலத்தில் விலை கேட்கும் ஏற்றுமதியாளரின் கணக்கு ரூபாயில் முடிவதில்லை. அவரிடம் தேயிலை வாங்குபவர் பக்தாதிலோ மொஸ்கோவிலோ இஸ்தான்புல்லிலோ இருக்கிறார். அவர் முதலில் தம் நாட்டு நாணயத்தைக் கொடுத்து டொலர் பெறவேண்டும். அந்த டொலர் கொழும்புக்கு வந்து வங்கியில் ரூபாயாக மாறவேண்டும். அந்த ரூபாயிலிருந்துதான் கொழுந்தின் விலையும், தொழிற்சாலைச் செலவும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் வேலை செய்வோரின் நாட்கூலியும் பிறக்கின்றன. ஆகவே கூடைக்கும் கூலிக்குமிடையே இரண்டு நாணயமாற்றுகள் உள்ளன. அவ்விரண்டையும் தோட்டத்தில் எவரும் கண்ணாற் காண்பதில்லை.

2014ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டொலரைப் பெற ரஷ்யருக்கு ஏறக்குறைய 33 ரூபிள் போதுமாயிருந்தது. பின்னர் மசகெண்ணெய் விலை சரிந்தது. உக்ரேன் விவகாரத்தால் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைகளும் சேர்ந்துகொண்டன. நவம்பர் 10ஆந் திகதி ரஷ்ய மத்திய வங்கி ரூபிளைச் சந்தையில் மிதக்கவிட்டது. டிசெம்பர் 16ஆந் திகதி, மொஸ்கோவில் நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒரு மணி வேளையில், தன் வட்டி வீதத்தை நூற்றுக்குப் பத்தரையிலிருந்து பதினேழாக உயர்த்துவதாக அறிவித்தது. இலங்கையில் அப்பொழுது விடியற்காலை மூன்றரை மணி. பிரட்டுக்களத்திற்குச் செல்வதற்காக லயங்களில் அடுப்பு மூட்டத் தொடங்கும் நேரத்திற்குச் சற்று முன்பு. அன்று பகலிலேயே ஒரு டொலரின் விலை 80 ரூபிளைத் தொட்டு மீண்டது. இலங்கை ரூபாயோ அந்நாட்களில் பெரிதும் அசையவில்லை. அப்படியிருந்தும் 2015ஆம் ஆண்டில் சப்ரகமுவத் தேயிலைக்கு விலை வீழ்ந்தது. தாழ்நிலத் தேயிலையைப் பெரிதும் விரும்பி வாங்குவோர் ரஷ்யரும் மத்திய கிழக்கு நாட்டினருமே. எண்ணெய் விலை வீழ்ச்சி அவ்விரு பகுதியினரின் கையையும் ஒருங்கே கட்டிவிட்டது. கொழுந்தில் குறையில்லை, எடுத்தவரிலும் குறையில்லை. வாங்குபவரின் நாணயம் இளைத்துப்போயிற்று, அவ்வளவே.

நாணயத்திற்குத் தனியே விலை என்று ஒன்றில்லை. ஒரு கிலோ அரிசிக்கு இத்தனை ரூபாய் என்பது போல, ஒரு நாணயத்தின் விலையை மற்றொரு நாணயத்தால்தான் கூறமுடியும். அதனாலேயே உலகச் சந்தையில் நாணயங்கள் இணையிணையாக விலை கூறப்படுகின்றன. யூரோவும் டொலரும், பவுணும் டொலரும், டொலரும் யென்னும் என்பன அவற்றுள் தலையானவை. யூரோ 1.10 என்று அறிவிக்கப்பட்டால், ஒரு யூரோவுக்கு 1 டொலரும் 10 சதமும் கிடைக்கும் என்பது பொருள். ஓர் இணையில் ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கியே தீரும். துலாவின் இரு தட்டுகளும் ஒருங்கே உயர்வதில்லை. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சர்வதேசத் தீர்ப்பனவு வங்கி 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் எடுத்த கணக்கின்படி, உலகில் நாளொன்றுக்கு ஏழரை இலட்சம் கோடி டொலர் பெறுமதியான நாணயங்கள் கைமாறின. நூறு கொடுக்கல் வாங்கலில் 88இல் டொலர் ஒரு பக்கத்தில் நின்றது. ஆகையால் இலங்கையின் ஏற்றுமதியாளர் அமெரிக்காவுக்கு ஓர் இறாத்தல் தேயிலைகூட விற்காதவராயினும், அமெரிக்க மத்திய வங்கியின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டியவராகின்றார்.

அந்த வங்கி ஆண்டுக்கு எட்டு முறை வழமையாகக் கூடி வட்டி வீதத்தைத் தீர்மானிக்கின்றது. வட்டி உயர்ந்தால் டொலரில் பணத்தை வைத்திருப்பதற்குக் கூடுதல் வருவாய் கிடைக்கின்றது, உலகத்துப் பணம் அப்பக்கம் சாய்கின்றது, டொலர் விலையேறுகின்றது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏறக்குறையச் சுழியத்தில் இருந்த அமெரிக்க வட்டி வீதம், 2023ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நூற்றுக்கு ஐந்தேகாலுக்கும் ஐந்தரைக்கும் இடைப்பட்ட நிலைக்கு உயர்த்தப்பட்டது. அந்த ஏற்றத்தின் முதற் பாதியிலேயே, 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், யூரோ ஒரு டொலருக்குக் கீழே இறங்கிற்று. இருபது ஆண்டுகளாக அவ்வாறு நிகழ்ந்ததில்லை.

வங்கியின் தீர்மானத்திற்கு முன்பாகப் புள்ளிவிவரங்கள் வருகின்றன. விலைவாசி எவ்வளவு உயர்ந்தது, எத்தனை பேருக்குப் புதிதாக வேலை கிடைத்தது என்பவற்றை அரசாங்கத் திணைக்களங்கள் மாதந்தோறும் முன்னறிவித்த நாளில், முன்னறிவித்த நிமிடத்தில் வெளியிடுகின்றன. வணிகர் அந்த நிமிடத்திற்காகவே காத்திருக்கின்றனர். ஆனால் இங்கே, புதிதாக நோக்குவோர் பெரும்பாலும் இடறி விழும் ஓரிடம் உண்டு. நல்ல எண் வந்தால் நாணயம் ஏறும், தீய எண் வந்தால் இறங்கும் என்று எண்ணுதல் இயல்பு. சந்தை அவ்வாறு இயங்குவதில்லை.

கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மழை பெய்யும் காலையில் பால் வெட்ட முடியாது. தென்மேற்குப் பருவமழை வைகாசி மாதமளவில் வரும் என்பது எட்டியாந்தோட்டையிலும் தெஹியோவிட்டவிலும் உள்ள எல்லோருக்கும் தெரியும். இறப்பர் வாங்கும் வணிகருக்கும் தெரியும். ஆகவே மழை வருமுன்னரே, மழையால் பால் குறையும் என்ற கணக்கு விலையிற் கலந்துவிடுகின்றது. எதிர்பார்த்த மழை எதிர்பார்த்தபடி பெய்தால் விலை அசையாது. மழை பொய்த்தாலோ, பத்து நாள் முந்தினாலோதான் அசையும். நாணயச் சந்தையிலும் செய்திக்கு விலை இல்லை. செய்திக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்கே விலை.

2022ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி இதற்குத் தக்க சான்று. முந்திய மாதத்துக்குரிய அமெரிக்க விலைவாசி ஓராண்டில் நூற்றுக்கு 7.7 உயர்ந்திருந்ததாக அன்று அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் மத்திய வங்கி விரும்புவது 2 மட்டுமே. எனவே அது தீய எண் என்பதில் ஐயமில்லை. ஆனால் சந்தை ஏறக்குறைய 8ஐ எதிர்பார்த்திருந்தது. எண் சற்றுக் குறைந்து வந்தமையால், இனி வட்டியை அவ்வளவு விரைவாக உயர்த்தமாட்டார்கள் என்ற எண்ணம் ஒரு நொடியிற் பரவியது. ஒரு டொலருக்கு ஏறத்தாழ 146 ஆக இருந்த யென், அன்றைய பொழுது முடியுமுன் 141 அளவுக்கு வந்தது. அச்செய்தி வெளியான வேளை இலங்கை நேரப்படி இரவு ஏழு மணி. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டித் தீர்மானம் இங்கே நள்ளிரவை ஒட்டி வருகின்றது. இலங்கை மத்திய வங்கியோ தன் தீர்மானத்தைக் காலை ஏழரை மணிக்கு அறிவித்து வந்துள்ளது. கொழுந்து மலையில் அன்றைய நிரைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டு முடிந்திருக்கும் நேரம்.

இத்தகைய நிமிடங்களில் இலாபம் ஈட்டலாம் என்ற ஆசை, கைத்தொலைபேசியின் வழியாகத் தோட்டத்து இளைஞரையும் எட்டியிருக்கின்றது. சிறிது பிணைப்பணம் கட்டினால் அதன் முப்பது மடங்குக்கும் நூறு மடங்குக்கும் நாணயம் வாங்கி விற்கலாம் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. வேலையற்ற ஓர் இளைஞன் இதனை நம்புவதை அறிவீனம் என்று இகழ்தல் முறையன்று. அவனுக்கு வேறு வாயில்கள் திறந்திருக்கவில்லை என்பதையும் எண்ணவேண்டும். ஆயினும் உண்மையை அவனுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். செய்தி வெளியாகும் நொடியில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி விரிந்துவிடும். இழப்பு இன்ன அளவை எட்டினால் விற்றுவிடுக என்று முன்கூட்டியே இட்ட கட்டளை, சொன்ன விலையில் நிறைவேறாமல் அதனினும் தாழ்ந்த விலையில் நிறைவேறும். 2015ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி, சுவிஸ் தேசிய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தான் காத்துவந்த எல்லையை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டபோது, பலர் தாம் கட்டிய பணத்தை இழந்ததோடு நில்லாது தரகருக்குக் கடனாளிகளுமாயினர். தனியாட்களின் இத்தகைய கணக்குகளில் நூற்றுக்கு 74 முதல் 89 வரை நட்டத்தில் முடிவதாக, 2018ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பங்குச் சந்தை அதிகாரசபை கூறி, பிணைப்பணத்தின் மடங்கை முப்பதுக்கு மேற்படாமற் கட்டுப்படுத்திற்று. இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்படி, வெளிநாட்டு நாணய வணிகம் செய்யும் உரிமை அதிகாரம் பெற்றவர்களுக்கு மட்டுமே உண்டு.

அந்த வணிகத்துள் நுழைவதா, விலகி நிற்பதா என்பதை அவ்விளைஞன் தானே தீர்மானிக்கலாம். அவனுடைய தாய்க்கு அத்தெரிவு இல்லை. தோட்டம் ஒரு நாணயத்தில் விற்று மற்றொரு நாணயத்தில் கூலி கொடுக்கும் அமைப்பாகவே தோன்றியது. அவ்விணையின் ஒரு தட்டில் தொழிலாளியின் நாட்கூலி தொடக்கம் முதலே வைக்கப்பட்டிருக்கின்றது.

இலங்கையில் 1872ஆம் ஆண்டு முதல் ரூபாயும் சதமும் சட்டபூர்வ நாணயமாயின. அந்த ரூபாய் இந்தியாவில் அடிக்கப்பட்ட வெள்ளி ரூபாய். இலண்டனில் தேயிலை விற்கப்பட்டதோ பொன்னை ஆதாரமாகக் கொண்ட பவுணில். அக்காலத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய இரண்டு சிலிங், அதாவது 24 பென்ஸ் கிடைத்தது. பின்னர் உலகில் வெள்ளி மலிந்தது. ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாக வெள்ளியைக் கைவிட்டன. ரூபாயின் மதிப்பு ஆண்டுதோறும் கரைந்து, இந்திய அரசாங்கம் 1893ஆம் ஆண்டில் நாணயசாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடிய பின்னரும் இறங்கி, 1894ஆம் ஆண்டளவில் 13 பென்ஸை அடைந்தது. களனிப் பள்ளத்தாக்கில் தேயிலை பரவிய காலம் இதுவே.

ஓர் இறாத்தல் தேயிலை இலண்டனில் 8 பென்ஸுக்கு விற்கப்பட்டதாகக் கொள்வோம். ரூபாய் 24 பென்ஸாக இருந்தபோது தோட்டக்காரருக்கு 33 சதம் கிடைத்திருக்கும். அதே 8 பென்ஸ், ரூபாய் 13 பென்ஸான பின்பு, ஏறக்குறைய 62 சதமாகும். தேயிலையின் இலண்டன் விலையும் அக்காலத்தில் இறங்கியதால், இந்த இலாபம் முழுவதும் துரைமாரின் பையிலே தங்கியது என்று சொல்வதற்கில்லை. ஆனால் விலை இறங்கியும் தோட்டங்கள் பெருகியதற்கு, பொன்னில் விற்று வெள்ளியிற் கூலி கொடுத்தமை ஒரு காரணம். தொழிலாளியின் நாட்கூலி சதக் கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றது. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த அவனுக்குக் கங்காணியின் துண்டுக் கடன் தெரியும். தன் கையிலிருந்த வெள்ளி உருகிக்கொண்டிருந்தது தெரிய வழியில்லை.

நூற்றாண்டின் முடிவில் ரூபாய் 16 பென்ஸில் நிலைபெற்றது. பின்னர் 18 பென்ஸாயிற்று. பவுண் ஒன்றுக்கு 13 ரூபாயும் 33 சதமும் என்ற கணக்கு ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது. 1949ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆந் திகதி பிரித்தானியா பவுணின் மதிப்பை 4.03 டொலரிலிருந்து 2.80 டொலராகக் குறைத்தபோது, இலங்கையும் இந்தியாவும் அதே அளவு குறைத்துக்கொண்டன. ஆகவே பவுணுக்கும் ரூபாய்க்கும் இடையே எதுவும் மாறவில்லை. தோட்டத் தொழிலாளி ஊருக்கு அனுப்பும் பணத்திலும் மாற்றமில்லை. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 28ஆந் திகதி இலங்கை மத்திய வங்கி தன் பணியைத் தொடங்கியபோது டொலர் ஒன்றுக்கு 4 ரூபாயும் 76 சதமும் என்ற வீதம் நிலவியது. 1952ஆம் ஆண்டு டிசெம்பரில் சீனாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ், ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் சீனாவுக்குச் செல்ல, 270,000 தொன் அரிசி இலங்கைக்கு வந்தது. கேகாலையின் இறப்பருக்குச் சில காலம் இந்த வழியில் நல்ல விலையும் கிடைத்தது.

தோட்டத்து மக்களை நாணயமாற்று நேராகத் தீண்டிய நிகழ்ச்சி 1966, 1967ஆம் ஆண்டுகளில் நேர்ந்தது. இதனை எழுதியவர் மிகச் சிலரே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி செய்யப்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. புறப்படும் குடும்பம் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படத் தன் பொருளைக் கொண்டுசெல்லலாம் என்றும், அதற்கான உச்ச வரம்பு 4,000 ரூபாய்க்குக் குறைக்கப்படமாட்டாது என்றும் அதில் ஒரு வாசகம் இருந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தானபோது இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சம மதிப்புடையன; 4,000 கொடுத்தால் 4,000 கிடைக்கும். 1966ஆம் ஆண்டு யூன் 6ஆந் திகதி இந்தியா தன் ரூபாயை டொலருக்கு 4.76இலிருந்து 7.50ஆகக் குறைத்தது. உத்தியோகபூர்வ வீதப்படி கணக்கிட்டால், அன்றிலிருந்து இலங்கையின் 4,000 ரூபாய் இந்தியாவில் 6,300 ரூபாயாயிற்று.

அந்த நிலை ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. 1967ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி பிரித்தானியா பவுணை 2.40 டொலராகக் குறைத்தது. இம்முறை இந்தியா அசையவில்லை. இலங்கையோ நவம்பர் 22ஆந் திகதி, பிரித்தானியாவினும் மிகுதியாக, நூற்றுக்கு 20 குறைத்தது; டொலர் 5 ரூபாயும் 95 சதமும் ஆயிற்று. முன்பு 6,300 இந்திய ரூபாய் பெற்றிருக்கக்கூடிய அதே 4,000, இப்பொழுது 5,042ஆகச் சுருங்கியது. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. பெருந்தொகையினர் புறப்பட்டது அதற்குப் பிறகே. ஆகவே இடையில் இருந்த நல்ல வீதம் அவர்களுட் பெரும்பாலோருக்குக் கிட்டவில்லை. நாலாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்த குடும்பங்கள் எத்தனை என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் நானூறு ரூபாயோடு சென்றவருக்கும் அதே விகிதத்தில்தான் குறைந்தது. 630 ஆகியிருக்க வேண்டியது 504 ஆயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்கு அந்த 126 ரூபாய் சிறு தொகையன்று.

1968ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் மற்றொரு முறையைக் கொண்டுவந்தது. அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் என்பது அதன் பெயர். இன்றியமையாத பொருள்கள் அல்லாதவற்றை இறக்குமதி செய்வோர் டொலரின் விலைக்கு மேல் நூற்றுக்கு 44 கூடுதலாகக் கொடுக்கவேண்டும். புதிய பொருள்களை ஏற்றுமதி செய்வோர் அதே அளவு கூடுதலாகப் பெறுவர். இந்த வீதம் பின்னர் 55 ஆகவும், 1972ஆம் ஆண்டில் 65 ஆகவும் உயர்ந்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றுக்கும் மட்டும் அந்தக் கூடுதல் வழங்கப்படவில்லை. அவை ஈட்டிய டொலர் பழைய வீதத்திலேயே மாற்றப்பட்டது. நாட்டின் டொலரில் பெரும்பகுதியை ஈட்டியவை அம்மூன்றுமே என்பதை நோக்கினால், தோட்டத்துறை மீது பெயர் சொல்லாமல் விதித்த வரி என்றே அதனைக் கூறவேண்டும். அரிசியும் மாவும் மலிவாக வர அது உதவிற்று என்பதும் மறுக்கத்தக்கதன்று.

இரத்தினபுரியில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. 1972ஆம் ஆண்டில் மாணிக்கக்கல் ஏற்றுமதியாளருக்கு, அவர்கள் ஈட்டும் வெளிநாட்டு நாணயத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் வைத்துப் பயன்படுத்தும் சலுகை அளிக்கப்பட்டது. மறைவாகச் சென்றுகொண்டிருந்த கற்கள் அதன்பின் சுங்கக் கணக்கில் வெளிப்பட்டு, பதிவான மாணிக்க ஏற்றுமதி பன்மடங்கு பெருகியது. பள்ளத்திலிருந்து எடுத்த கல்லுக்கு ஒரு நாணயமாற்று. அதே பள்ளத்திற்கு மேலேயுள்ள சரிவில் எடுத்த கொழுந்துக்கு வேறொரு நாணயமாற்று. 1977ஆம் ஆண்டு நவம்பரில் வீதங்கள் ஒன்றாக்கப்பட்டு டொலர் 16 ரூபாயளவில் மிதக்கத் தொடங்கியபோது தேயிலைக்கும் விடுதலை வந்ததுபோலத் தோன்றியது. ஆனால் உடனேயே ஏற்றுமதி வரி பெரிதும் உயர்த்தப்பட்டு, கூடுதல் வருவாயின் பெரும்பங்கு திறைசேரிக்குச் சென்றது. தோட்டங்களும் 1975ஆம் ஆண்டிலேயே அரசுடைமையாகிவிட்டன. அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது 1992ஆம் ஆண்டில்.

இனி 2022ஆம் ஆண்டைப் பற்றிச் சிறிது விரிவாகவே நோக்கவேண்டும். 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நெடுநாட் போராட்டத்திற்குப் பின், தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அப்பொழுது டொலர் 200 ரூபாயை ஒட்டியிருந்தது. நாட்கூலி ஏறத்தாழ 5 டொலர். அவ்வாண்டிலேயே இரசாயன உரத்தின் இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது; அதற்குள் செடிகள் மெலிந்துவிட்டன. டொலரின் விலையை மத்திய வங்கி 200ஐ அடுத்துப் பிடித்து நிறுத்தியிருக்க, உண்டியல்காரர் அதனினும் கூடுதலாகக் கொடுத்தனர். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணம் வங்கியை விட்டு அவ்வழியே திரும்பிற்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆந் திகதி வங்கி தன் பிடியைத் தளர்த்தியது. ஏப்பிரல் 8ஆந் திகதி வட்டி வீதத்தை ஒரே நாளில் நூற்றுக்கு ஏழு புள்ளி உயர்த்தியது. ஏப்பிரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாயை எட்டியது.

தேயிலைக்கு என்ன நேர்ந்தது? உற்பத்தி ஏறக்குறைய 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடியாகக் குறைந்தது. ஏலத்தின் ஆண்டுச் சராசரி விலையோ கிலோ ஒன்றுக்கு 619 ரூபாயிலிருந்து 1,270 ரூபாய்க்கு உயர்ந்தது. ரூபாய்க் கணக்கில் இரு மடங்குக்கு மேல். டொலரில் மாற்றிப் பார்த்தால் ஏற்றம் கால் பங்களவே. எஞ்சியது முழுவதும் ரூபாயின் வீழ்ச்சி.

இந்த ரூபாய்கள் மலைச்சரிவில் இறங்கிய விதம் இரு வகைப்பட்டது. இரத்தினபுரி மாவட்டத்தில் சிறு தோட்ட உடைமையாளர் பல்லாயிரவர் உள்ளனர். அவர்களுடைய கொழுந்துக்கு, தொழிற்சாலையின் தேறிய விற்பனைச் சராசரியில் நூற்றுக்கு 68 பங்கு கொடுக்கவேண்டும் என்று விதி உண்டு. 32 பங்கு தொழிற்சாலைக்கு. ஆகவே ஏல விலை ஏறிய மாதத்திலேயே அவர்கள் கையிலும் ஏறியது. உரத்தின் விலை அதில் ஒரு பகுதியைத் தின்றது என்பது வேறு. அடுத்த வேலிக்கு அப்பால், கம்பனித் தோட்டத்தில், அதே கொழுந்தை எடுத்தவருக்கோ கூலி அதே 1,000 ரூபாய். மார்ச்சு 2021இல் 5 டொலராக இருந்தது மே 2022இல் 2 டொலரும் 78 சதமும் ஆயிற்று. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி ஓராண்டு விலையேற்றம் நூற்றுக்கு 69.8, உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9. தோட்டத்து அடுப்பில் ரொட்டியாகும் கோதுமை முழுவதும் கப்பலில் வருவது. அதன் விலை டொலரைத் தொடர்ந்து ஏறியது. அதனை வாங்கும் கூலி ரூபாயிலே நின்றுவிட்டது.

எரிபொருளும் உரமும் பொதியிடும் பொருளும் ஏறிவிட்டன என்று தோட்டக் கம்பனிகள் கூறின, அது பொய்யன்று. ஆயினும் ஏற்றுமதியாளர் தம் டொலரை மூன்று மாதத்திற்குப் பின் இன்ன வீதத்தில் விற்பதாக வங்கியோடு இன்றே ஒப்பந்தம் செய்து தம்மைக் காத்துக்கொள்ள முடியும்; சிறு தோட்டக்காரரை 68 பங்கு விதி ஓரளவு காக்கின்றது. நாட்கூலிக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. ஏல விலையோடோ நாணயமாற்றோடோ கூலியை இணைக்கும் விதியொன்றை வகுப்பது அரிய காரியமுமன்று. கொழுந்துக்கு வகுக்கத் தெரிந்தவர்கள் கூலிக்கும் வகுத்திருக்கலாம்.

2023ஆம் ஆண்டில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி வந்தது. புதிய மத்திய வங்கிச் சட்டமும் வந்தது. ரூபாய் மீண்டும் வலுப்பெற்று, ஏல விலை ரூபாய்க் கணக்கில் இறங்கிற்று. கூலிப் பேச்சுவார்த்தையில் அந்த இறக்கம் ஒரு வாதமாக எடுத்துரைக்கப்பட்டது. முந்திய ஆண்டின் ஏற்றம் அவ்வாறு எடுத்துரைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாத இறுதியில் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வெளியாகி, வழக்கு மன்றம் சென்று, செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று முடிந்தது. மூன்றரை ஆண்டில் 350 ரூபாய் உயர்வு. அந்த மாதத்தில் டொலரின் விலை ஏறக்குறைய 300 ரூபாய். 1,350 ரூபாயை அந்த வீதத்தில் மாற்றினால் நாலரை டொலர் வரும். 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 1,000 ரூபாய்க்குக் கிடைத்ததைவிட அரை டொலர் குறைவு.